வலியைச் சரியாகச் சொல்வோம்: எலும்பு, மூட்டு, தசைப் பரிசோதனையில் தாதி பார்ப்பது என்ன?

லாயாங் லாயாங், ஜொகூர் குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையோரம் அமைந்த சிறு பட்டணம். சுற்றிலும் உலு ரெமிஸ் போன்ற செம்பனைத் தோட்டங்கள். அன்று பால்மரம் வெட்டியவர்கள், இன்று செம்பனையில் குலை வெட்டுபவர்கள், தோட்டத்தை விட்டுச் சிம்பாங் ரெங்கம், குளுவாங், கூலாய் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் என நம் குடும்பங்களில் பெரும்பாலானவை உடலுழைப்பால் நிமிர்ந்தவை. அதனால் இடுப்பு வலியும் முட்டி வலியும் நம் வீடுகளில் புதிய செய்தி அல்ல. "வேலை செய்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாள் காலை பெரட்டுக்குப் போய்விடுவதே நம் பழக்கம்.

முன்பு தோட்டத்திலேயே டிரஸ்சர் இருந்தார். யாருக்கு எப்போது அடிபட்டது, யாருக்குப் பழைய முறிவு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்று அரசு கிளினிக்கில் நம்மைப் பார்க்கும் தாதிக்கு நாம் புதியவர். சில நிமிடங்களில் நாம் சொல்வதும் அவர் கண்டறிவதும்தான் நம் அட்டையில் ஏறுகின்றன. "சும்மா வலி, மருந்து கொடுங்கள்" என்று சொன்னால் சும்மா வலி என்றுதான் பதிவாகும். அந்தப் பதிவு அன்றைய சிகிச்சையை மட்டுமன்றி, பின்னாளில் பெர்கேசோவில் கேட்க வேண்டிய உரிமையையும் பாதிக்கலாம். ஆகவே தாதி என்ன கேட்கிறார், எதைப் பார்க்கிறார், ஏன் பார்க்கிறார் என்பதை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த வேலைக்கு எந்த வலி?

வளர்ந்த மனிதர் உடலில் 206 எலும்புகளும் 600க்கும் மேற்பட்ட தசைகளும் உள்ளன. எலும்பையும் எலும்பையும் இணைப்பது தசைநார். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். இவற்றில் எது எப்படித் தேய்கிறது என்பதைப் பெரும்பாலும் செய்யும் வேலைதான் முடிவு செய்கிறது.

செம்பனைக் குலை ஒன்று 10 முதல் 25 கிலோ வரை இருக்கும். உயரமான மரத்தில் நீண்ட கழியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்து இழுப்பவருக்குக் கழுத்தும் தோளும் பாதிக்கப்படும். விழுந்த குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் போடுபவருக்கு இடுப்பு. குனிந்தும் குந்தியும் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு இடுப்போடு முட்டியும் சேரும். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவருக்கு மணிக்கட்டு. காண்டா சுமந்தவருக்குத் தோள். தொழிற்சாலையில் ஒரே அசைவை நாள் முழுவதும் செய்பவருக்கு விரல் மரத்துப் போகும். லாரி ஓட்டுபவருக்கு வண்டியின் அதிர்வு முதுகெலும்பில் இறங்கும். எனவே "என்ன வேலை?" என்று தாதி கேட்டால் "தோட்ட வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். எந்த வேலை, எத்தனை ஆண்டு, எவ்வளவு பாரம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் கேள்விகள்

பரிசோதனையில் பாதி, கேள்வியிலேயே முடிந்துவிடும். கிளினிக்குப் போகும் முன் கீழ்க்காணும் எட்டுக்கும் பதிலை யோசித்து வையுங்கள்.

1. வலி எந்த இடத்தில்? விரலால் தொட்டுக் காட்ட முடியுமா?
2. எப்போது தொடங்கியது? விழுந்த பிறகா, பாரம் தூக்கியபோதா, மெல்ல மெல்லவா?
3. எப்படிப்பட்ட வலி? குத்தலா, குடைச்சலா, எரிச்சலா, இழுப்பா?
4. வேறு இடத்துக்குப் பரவுகிறதா? இடுப்பிலிருந்து கால்வரை இறங்குகிறதா?
5. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் கொடுத்தால் எத்தனை? பத்து என்பது தாங்கவே முடியாத வலி.
6. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா?
7. காலையில் எழும்போது மூட்டு இறுகி இருக்கிறதா? எவ்வளவு நேரம்?
8. எதைச் செய்ய முடியவில்லை? படி ஏறுவதா, குந்துவதா, சட்டை போடுவதா, தலை வாருவதா?

ஏழாவது கேள்வியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தேய்மான மூட்டுவலியில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. சீக்கிரம் தொடங்கினால்தான் விரல்கள் கோணாமல் காப்பாற்ற முடியும்.

எட்டாவது கேள்வியில் நம் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். "ஐயா, கழிவறையில் உட்கார்ந்து எழ முடிகிறதா?" என்று தாதி கேட்டால், "அதெல்லாம் பரவாயில்லை, தங்கச்சி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொல்ல வேண்டும். கைப்பிடி, ஊன்றுகோல், உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தே அமையும்.

தாதி மலாய் பேசுபவர் என்றால் சில சொற்களைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். சாக்கிட் என்றால் வலி, கெபாஸ், மரத்துப் போதல், பெங்காக், வீக்கம், லெங்கு, உடல் அசதியான வலி, ஙிலு, மூட்டுக் குடைச்சல், லெமா, பலவீனம், ஜாத்தோ, விழுதல். பிங்காங் இடுப்பு, லுத்துட் முட்டி, பாஹு தோள். மரத்துப் போவதையும் வலியையும் ஒன்றாகச் சொல்லிவிடக் கூடாது. மரத்துப் போகிறது என்றால் நரம்பு அழுந்துகிறது என்று பொருள் கொள்ள இடமுண்டு. பரிசோதனையின் திசையே மாறிவிடும்.

பார்த்தல், தொடுதல், அசைத்தல்

கேள்விக்குப் பிறகு பரிசோதனை. இதில் வரிசை உண்டு: முதலில் பார்ப்பது, பிறகு தொடுவது, கடைசியில் அசைப்பது. வலிக்கும் இடத்தை எடுத்த எடுப்பில் பிடித்தால் தசை இறுகிவிடும்; அதன் பிறகு எதையும் சரியாகக் கண்டறிய முடியாது.

பார்த்தல்: நீங்கள் அறைக்குள் நடந்து வருவதையே தாதி கவனிக்கிறார். நொண்டுகிறீர்களா, ஒரு பக்கம் சாய்கிறீர்களா, நாற்காலியில் கையை ஊன்றித்தான் உட்காருகிறீர்களா? பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவார். வலது முட்டியில் வலி என்றாலும் இடது முட்டியையும் பார்ப்பார். நல்ல பக்கம்தான் உங்களுக்கான அளவுகோல். வீக்கம், சிவப்பு, கோணல், ஒரு தொடை மட்டும் மெலிந்திருப்பது எல்லாம் அப்படித்தான் தெரியவரும். அதனால் சிலுவாரை மேலே சுருட்ட முடியாத அளவுக்கு இறுக்கமாக அணிந்து போக வேண்டாம்.

தொடுதல்: புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். விரலால் அழுத்தி எந்தப் புள்ளியில் வலி என்று காண்பார். அடிபட்ட இடத்தில் எலும்பின் மீதே கூர்மையான வலி இருந்தால் முறிவைச் சந்தேகித்து எக்ஸ்ரேக்கு அனுப்புவார்கள்.

அசைத்தல்: முதலில் நீங்களாக அசைக்கச் சொல்வார். பிறகு அவர் மெதுவாக அசைத்துப் பார்ப்பார். நீங்களாகக் கையைத் தூக்க முடியவில்லை, அவர் தூக்கினால் வருகிறது என்றால் கோளாறு தசையிலோ தசைநாணிலோ நரம்பிலோ இருக்கலாம். அவர் தூக்கினாலும் வரவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இப்படி இறுகிப்போவது அதிகம்.

தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. அசைவே இல்லை என்றால் 0. புவியீர்ப்பை மீறித் தூக்க முடிந்தால் 3. தாதி அழுத்தும்போதும் முழுப் பலத்தோடு எதிர்த்தால் 5. சென்ற வாரம் 4, இந்த வாரம் 3 என்றால் நிலைமை மோசமாகிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

அடிபட்ட கைகாலில் ஐந்து அடையாளம்

மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும், கால்மேல் குலை விழுந்தாலும், கட்டுப் போட்ட பிறகும், தாதி திரும்பத் திரும்பப் பார்ப்பவை ஐந்து. வலி கூடிக்கொண்டே போகிறதா? விரல் வெளுத்திருக்கிறதா? நாடித்துடிப்பு இருக்கிறதா? ஊசி குத்துவது போலவோ மரத்தோ இருக்கிறதா? விரலை அசைக்க முடிகிறதா? விரல் நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

இதை வீட்டிலும் செய்யலாம், செய்யவும் வேண்டும். எலும்பு முறிந்த இடத்திலோ நசுங்கிய இடத்திலோ தசைக்குள் வீக்கம் கூடினால் இரத்த ஓட்டம் அடைபட்டுவிடும். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். காலையே இழக்க நேரலாம். மருந்துக்கும் அடங்காத வலி, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே உயிர் போகும் வலி ஆகியவைதான் இதன் முதல் எச்சரிக்கை. நாடி நிற்கும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

நாட்டு வைத்தியக் கட்டுப் போடுவதில் உள்ள பெரிய ஆபத்தும் இதுதான். மூங்கில் தப்பை வைத்து இறுகக் கட்டி, "வலி இருக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டால், உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. முறிவு என்று சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே. அதற்கு முன் உருவுவதும் இழுப்பதும் வேண்டாம்.

சுளுக்கானால் முதல் 48 மணி நேரம்

ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய ஐஸை ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம் வரை வையுங்கள். நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். மீள்துணிக் கட்டை அளவாகச் சுற்றுங்கள். தலையணை வைத்து அடிபட்ட காலை நெஞ்சைவிட உயர்த்துங்கள். இந்த இரண்டு நாளில் சூடான ஒத்தடம், சூடேற்றும் தைலம், அழுத்தி உருவுதல் மூன்றும் வீக்கத்தைக் கூட்டும். காலை ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியவில்லை என்றால் சுளுக்கு என்று நாமே முடிவு கட்டாமல் கிளினிக்குப் போக வேண்டும்.

மாவுக்கட்டு போட்டவர்கள் கட்டை நனைக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் கைகாலை உயர்த்தி வைத்து, விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும். அரிக்கிறது என்று குச்சியையோ கரண்டிக் காம்பையோ உள்ளே விடாதீர்கள். கீறல் புண்ணானால் வெளியே தெரியாது. நீரிழிவு உள்ளவருக்கு அது பெரிய ஆபத்து. கட்டுக்குள்ளிருந்து நாற்றம், ஈரம், காய்ச்சல், விரல் நீலம் பாரித்தல் என்றால் மறு தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

முட்டிக்கும் இடுப்புக்கும்

முட்டித் தேய்மானத்துக்கு மாத்திரையைவிட நீண்ட நாள் உதவுவது தொடைத் தசையின் பலம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. மூன்று வேளைச் சோற்றைக் குறைப்பதும் தேநீரில் சீனியைக் குறைப்பதும் முட்டிக்கும் மருந்துதான்.

சாதாரண இடுப்பு வலிக்கு நாள்கணக்கில் படுத்திருப்பது கெடுதல். தாங்கும் அளவுக்கு நடமாடுபவர்களே சீக்கிரம் குணமாகிறார்கள். பாரம் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி, பொருளை உடலோடு ஒட்டிப் பிடித்து எழுங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பாதீர்கள். பாதத்தை மாற்றித் திரும்புங்கள்.

எலும்புக்கு நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக் கீரை, தயிர், தவ்ஃபூ நல்லவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக வலுவிழப்பதால் அவர்கள் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும்.

வீட்டில் பெரியவர் விழுந்துவிட்டால்

வழுக்கி விழுந்த பாட்டியின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். தூக்கி நிறுத்தி நடக்கவிட்டுப் பார்க்காதீர்கள். சோறோ தேநீரோ கொடுக்காதீர்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். 999க்கு அழையுங்கள். வட்டாரத்தில் எலும்பியல் சிகிச்சை வசதியுள்ள பெரிய அரசு மருத்துவமனை, குளுவாங்கில் உள்ள என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனை.

"இந்த வயதில் ஆபரேஷனா?" என்று தயங்கி வீட்டுக்கு அழைத்து வருபவர்கள் உண்டு. அசையாமல் படுத்திருப்பதே முதியவருக்குப் பெரிய ஆபத்து. நுரையீரலில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், முதுகுப் புறத்தில் படுக்கைப் புண் வரும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். பிட்டம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு, புண்ணின் தொடக்கம். மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்லுங்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

மாத்திரையும் ஜாமுவும்

வலி மாத்திரைகளில் பல, வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக் கூடியவை. நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் பக்கத்து வீட்டார் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடவே கூடாது.

சந்தையில் விற்கும் சில ஜாமு, மூலிகைப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. இரண்டே நாளில் வலி மாயமாகிறது என்றால் சந்தேகப்படுங்கள். நாள்பட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பே மெலியும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இல்லாததை வாங்காதீர்கள். ஏற்கெனவே பல மாதம் சாப்பிட்டு வந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

பெர்கேசோ: பதிவுதான் பலம்

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேலையிடத்து விபத்து, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயண விபத்து, வேலையால் வரும் நோய் மூன்றுக்கும் பாதுகாப்பு உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மணிக்கட்டுத் தசைநாண் உறை வீங்குவது போன்றவையும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளன. விபத்து நடந்தால் உடனே முதலாளிக்குத் தெரிவியுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், கணக்கிடப்பட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனப் படியாகக் கிடைக்கும். மீண்டும் வேலைக்குத் திரும்ப உடற்பயிற்சிச் சிகிச்சை உதவியும் உண்டு.

இல்லத்தரசிகளுக்கும் 2022 டிசம்பர் முதல் தனித் திட்டம் நடப்பில் உள்ளது. 55 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா கட்டிச் சேரலாம்.

இவற்றுக்கெல்லாம் முதல் நாள் கிளினிக் பதிவு முக்கியம். "குலை தூக்கும்போது இடுப்பில் பிடித்தது, இன்ன தேதி, இன்ன நேரம்" என்று சொல்லி எழுத வையுங்கள். எம்.சி., எக்ஸ்ரே அறிக்கை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அன்று வாய் திறக்காமல் ஆறு மாதம் கழித்து "வேலையில்தான் அடிபட்டது" என்று நிரூபிப்பது கடினம்.

தள்ளிப்போடக் கூடாதவை

• இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. தொடை இடுக்கு மரத்துப் போவது. கால் பலம் குறைவது
• ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வருவது
• அடிபட்ட கைகால் வெளுத்து, குளிர்ந்து, மரத்துப் போவது
• இரவில் கூடும் முதுகு வலியோடு எடை குறைவது, நாள்பட்ட காய்ச்சல். முதுகெலும்பில் காசநோயோ புற்றுநோயோ இருக்கலாம்
• நீரிழிவு உள்ளவரின் பாதம் வலியில்லாமலே வீங்கிச் சிவப்பது

முதல் மூன்றுக்கும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்ற இரண்டுக்கும் அடுத்த நாளே கிளினிக் போக வேண்டும்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஒருநாள் சம்பளம் போகிறதே என்ற கவலை நியாயமானது. ஆனால் சரியான நேரத்தில் சொல்லாத வலி, பல மாதச் சம்பளத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். இன்று இரவு வீட்டில் அப்பாவிடமோ அம்மாவிடமோ மேலே உள்ள எட்டுக் கேள்விகளையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இத்தனை நாள் "பரவாயில்லை" என்று சொன்னவர்கள், கேட்பதற்கு ஆள் இருந்தால் சொல்லிவிடுவார்கள்.